முதுகலையில் உயிர்வேதியியல்: எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது?

தேன்சிட்டு

எல்லோருக்கும் வணக்கம். இளங்கலை உயிர்வேதியியல் முடித்துவிட்டு இப்போது முதுகலை முதல் பருவத்தில் இருக்கிறேன். அடுத்து பிஎச்.டி செய்ய வேண்டும் என்று ரொம்ப ஆசை.

இளங்கலையில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். கிளைகாலிசிஸின் 10 படிகளையும் நொதிகளோடு வரிசையாக எழுதிவிடுவேன். சிட்ரிக் அமிலச் சுழற்சியைப் புத்தகம் பார்க்காமல் வரைவேன். இங்கே அதை யாரும் கேட்பதில்லை. ஆசிரியர் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டுவிட்டு, "இந்த முடிவுக்கு வேறு என்ன விளக்கம் இருக்க முடியும்?" என்கிறார். வகுப்பே அமைதியாகிவிடுகிறது. அதற்கு எப்படித் தயாராவது என்றே புரியவில்லை.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். கணக்கும் இயற்பியல் வேதியியலும் எந்த அளவுக்குத் தேவை? ஆய்வுக் கட்டுரைகளை எப்படிப் படிப்பது? பிஎச்.டிக்கு லேப் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

நொதிமேடை

நல்ல ஆசிரியர் கிடைத்திருக்கிறார். இளங்கலையில் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று படித்தீர்கள். இனிமேல், அப்படித்தான் நடக்கிறது என்று எப்படித் தெரியும் என்று படிக்கப் போகிறீர்கள். பாடம் பெரும்பாலும் அதேதான்.

நீங்கள் வரையும் அதே சுழற்சியை எடுத்துக்கொள்வோம். 1937இல் ஹான்ஸ் கிரெப்ஸிடம் இருந்தது நறுக்கிய புறா மார்புத் தசையும், அது எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று அளக்கும் மானோமீட்டரும்தான். பறப்பதற்கான தசை, அதனால் சுவாசம் மிக வேகமாக நடக்கும். அதில் கொஞ்சம் சிட்ரேட் சேர்த்ததும் ஆக்சிஜன் நுகர்வு கூடியது. எவ்வளவு கூடியது என்பதுதான் முக்கியம். சேர்த்த சிட்ரேட் மொத்தமும் எரிந்திருந்தால்கூட அவ்வளவு ஆக்சிஜன் செலவாகியிருக்காது. ஆக, சிட்ரேட் ஒரு முறை எரிந்து தீர்ந்துபோகவில்லை. மறுபடி மறுபடி உருவாகி, வினையூக்கி மாதிரி வேலை செய்கிறது. சக்சினேட், ஃபியூமரேட், மாலேட் எல்லாம் இப்படி நடந்துகொள்வதை ஹங்கேரிய விஞ்ஞானி சென்ட்-ஜியார்ஜி அதற்கு முன்பே காட்டியிருந்தார்.

அடுத்தது மாலோனேட். சக்சினேட்டை ஃபியூமரேட் ஆக்கும் நொதியான சக்சினேட் டிஹைட்ரஜனேஸை அது தடுக்கும். தடுத்துவிட்டு சிட்ரேட் கொடுத்தால் சக்சினேட் தேங்கும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஃபியூமரேட் கொடுத்தபோதும் சக்சினேட் தேங்கியது! ஃபியூமரேட்டிலிருந்து சக்சினேட்டுக்கு நேராகத் திரும்பும் வழியை மாலோனேட் அடைத்துவிட்டது. அப்புறம் சக்சினேட் எங்கிருந்து வந்தது? மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தால்தான் உண்டு. ஆக்சலோஅசிட்டேட் சேர்த்தால் சிட்ரேட் உருவாவதையும் கிரெப்ஸ் பார்த்தார். நேர்கோடாக நினைத்திருந்த பாதை அங்கேதான் வட்டமானது. நேச்சர் இதழ் அந்தக் குறிப்பை அப்போது வெளியிட இடமில்லை என்று திருப்பி அனுப்ப, அது என்சைமோலோகியாவில் வந்தது. 1953இல் நோபல் பரிசு.

பரீட்சைக்குப் படிக்கும்போது இந்த மாலோனேட் ஒரு வரி: "போட்டித் தடுப்பான், உதாரணம் மாலோனேட்". அந்த ஒரு வரிக்குள் இவ்வளவு தர்க்கம் இருக்கிறது. ஒரு பாதையில் ஏதாவது ஓர் அம்புக்குறியை எடுத்து, அதை முதலில் யார், எதை வைத்து நிரூபித்தார்கள் என்று தேடிப் படியுங்கள். எல்லா அம்புக்குறிக்கும் வேண்டாம், முடியவும் முடியாது. சிலவற்றுக்குச் செய்தாலே ஆசிரியரின் கேள்விக்குக் கை தூக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

கேஎம்_கணக்கு

கணக்கு பற்றிக் கேட்டதற்கு நான் சொல்கிறேன். உயர்கணிதம் முழுக்க வேண்டாம். லாகரிதம், எளிய வகைக்கெழுச் சமன்பாடு, பிழைகள் எப்படிப் பெருகும் என்ற புரிதல், இவை கட்டாயம். அதைவிட முக்கியம், எண்ணைப் பார்த்து அதன் பொருளைச் சொல்லும் பழக்கம்.

ஒரு உதாரணம். மாலேட் ஆக்சலோஅசிட்டேட் ஆகும் வினைக்குத் திட்ட நிலையில் டெல்டா ஜி (வினை எந்தப் பக்கம் தானாகப் போகும் என்று சொல்லும் ஆற்றல் மாற்றம்; எதிர்க்குறி என்றால் முன்னே போகும்) மோலுக்கு +29.7 கிலோஜூல். இதைப் பார்த்ததும் "இந்த வினை நடக்காது" என்று எழுதுகிறவர்கள் முதுகலையிலும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் உடம்பில் இந்த நொடியும் அது நடந்துகொண்டிருக்கிறது. திட்ட நிலை என்பது எல்லாப் பொருளும் 1 மோலார், பிஎச் 7. செல்லில் அப்படி எதுவும் இல்லை. விளைபொருளுக்கும் வினைபடுபொருளுக்கும் உள்ள விகிதம் பத்து மடங்கு குறையும் ஒவ்வொரு முறையும் டெல்டா ஜி ஏறக்குறைய 5.9 கிலோஜூல் கீழே இறங்கும் (37 டிகிரியில்). 29.7ஐ 5.9ஆல் வகுத்தால் 5 சொச்சம். அதாவது விகிதம் லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இருந்தால் வினை முன்னே போகும். சிட்ரேட் சின்தேஸ் ஆக்சலோஅசிட்டேட்டை உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால் அதன் செறிவு மைட்டோகாண்ட்ரியாவில் அவ்வளவு குறைவாகவே இருக்கிறது. இதே கணக்குதான் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி உடைவதற்கும். புத்தகத்தில் −30.5 என்று இருக்கும், செல்லுக்குள் அது −50 அளவுக்குப் போகும்.

அடுத்து கேஎம், அதாவது நொதியின் வேகம் உச்சத்தில் பாதியாக இருக்கும் தளமூலச் (நொதி மாற்றும் பொருளின்) செறிவு. "கேஎம் குறைந்தால் பிணைப்பு வலுவாக இருக்கிறது" என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். பிரிக்ஸும் ஹால்டேனும் 1925இல் கொடுத்த நிலைத்த நிலை வருவிப்பை ஒரு தடவை தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். கேஎம்மின் மேல் வரியில் இரண்டு மாறிலிகள் இருக்கும்: நொதி தளமூலத்தை விட்டுவிடும் வேகம், அதை விளைபொருளாக்கும் வேகம். இரண்டாவது மிகச் சிறியதாக இருந்தால் மட்டுமே கேஎம் பிணைப்பைச் சொல்லும். மற்ற நேரங்களில் அது வேறு ஏதோ. வருவிப்பைப் போட்டவர்களுக்கு இது மறக்கவே மறக்காது.

இன்னொன்று. லைன்வீவர்–பர்க் வரைபடம் 1934இல் வந்தது. தலைகீழ் எண்களை வைத்துக் கோடு போட அப்போது அது பெரிய வசதி. ஆனால் குறைந்த செறிவில், அளவீட்டுப் பிழை அதிகம் உள்ள புள்ளிகள்தான் அந்தக் கோட்டை இழுத்து வளைக்கும். தடுப்பானின் வகையைக் கண்ணுக்குக் காட்ட அதைப் பயன்படுத்துங்கள். கேஎம், விமேக்ஸ் (உச்ச வேகம்) மதிப்புகளைக் கணினியில் வளைகோட்டையே நேரடியாகப் பொருத்தி எடுங்கள். கேஎம்முக்குக் கீழேயும் மேலேயும் போதுமான செறிவுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எல்லாப் புள்ளியும் கேஎம்முக்குக் கீழே இருந்தால் எந்த மென்பொருளும் நம்பும்படியான விமேக்ஸைத் தராது.

பழைய_பெஞ்ச்

மேலே இரண்டு பேர் சொன்னதும் நல்ல பதில்கள். ஆனால் "மனப்பாடம் இனி வேண்டாம்" என்று தேன்சிட்டு எடுத்துக்கொண்டுவிடக் கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

20 அமினோ அமிலங்களின் அமைப்பு, ஓரெழுத்துக் குறி, பக்கச் சங்கிலியின் பிகேஏ (அது பாதியளவு புரோட்டானை இழந்திருக்கும் பிஎச்), இவை யோசிக்காமல் நாக்கில் வர வேண்டும். செமினாரில் ஒருவர் "இந்த இடத்தில் ஆஸ்பார்ட்டேட்டை ஆஸ்பராஜின் ஆக்கினோம், செயல்பாடு போய்விட்டது" என்பார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, மின்சுமை மட்டும் போயிருக்கிறது என்று அந்த நொடியில் உங்களுக்குத் தோன்ற வேண்டும். அப்போதுதான் "புரதம் மடிந்த விதம் கெடவில்லை, அந்த எதிர்மின்சுமைதான் வேலை செய்கிறது போல" என்ற அடுத்த எண்ணம் வரும். அதையே அலனின் ஆக்கியிருந்தால் கேள்வி வேறு. பிஎச் 6 பக்கத்தில் வேகம் மாறுகிறது என்றால் ஹிஸ்டிடின், 8ஐத் தாண்டி மாறினால் சிஸ்டீனாக இருக்குமோ என்று சந்தேகம் வர வேண்டும். புரதத்துக்குள் சூழலைப் பொறுத்து பிகேஏ நகரும், அது வேறு. ஆனால் சந்தேகம் வருவதற்கே அடிப்படை எண்கள் மனதில் இருக்க வேண்டுமே.

நொதிக்கு உதவும் சிறு மூலக்கூறுகளான கோஎன்சைம்களும் அப்படித்தான். பிஎல்பி, டிபிபி, பயோட்டின், எஃப்ஏடி என்று பெயரைப் பார்த்ததும் எந்த மாதிரி வினை என்று தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எலெக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்பு போட்டுப் பாருங்கள். கரிம வேதியியலை இளங்கலையோடு விட்டுவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நொதியின் வினைவழி எப்போதும் மந்திரம் மாதிரியே தெரிகிறது.

நொதிமேடை

@பழைய_பெஞ்ச் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். பாதைகளின் இடைப்பொருள் பெயர்களைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். அமினோ அமிலங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

தேன்சிட்டு

எல்லோருக்கும் மிக்க நன்றி. பிரிக்ஸ்–ஹால்டேன் வருவிப்பை நேற்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இப்போதுதான் கேஎம் என்பதன் பொருள் புரிகிறது.

இன்னொரு கேள்வி. எங்களுக்கு இந்தப் பருவத்தில் ஒரு சிறு ஆய்வுத் திட்டம் உண்டு. ஹிஸ் டேக் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின்களின் சிறு வால்) போட்ட ஒரு நொதியை ஈ. கோலை பாக்டீரியாவில் உருவாக்கிச் சுத்திகரிக்க வேண்டும். செல்லை உடைத்த சாறில் செயல்பாடு நன்றாக இருக்கிறது. நிக்கல் ரெசினில் சுத்திகரித்த பிறகு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. லேபில் சீனியர்கள் "அது அப்படித்தான்" என்கிறார்கள். எங்கே தேடுவது?

குளிர்_அறை

"அது அப்படித்தான்" என்பதை ஏற்காதீர்கள். செயல்பாடு போன இடம் எங்கோ இருக்கும், தேடினால் கிடைக்கும்.

முதலில் எதையும் கொட்டாதீர்கள். உடைத்த சாறு, ரெசினில் ஒட்டாமல் வெளியே வந்தது, கழுவிய நீர், ஒட்டிய புரதத்தை விடுவிக்கும் இமிடசோல் போட்டு எடுத்தது, அத்தனையிலும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் கன அளவு, மொத்தப் புரதம், மொத்தச் செயல்பாடு, ஒரு மில்லிகிராமுக்கு எவ்வளவு செயல்பாடு என்று அட்டவணை போடுங்கள். இந்த அட்டவணையைப் பழங்கால வேலை என்று பலர் விட்டுவிடுகிறார்கள், ஜெல்லில் ஒரு பட்டை தெரிந்தால் போதும் என்று. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஜெல் புரதம் இருக்கிறதா என்று சொல்லும். அது உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது.

அட்டவணை பேசும். எல்லாப் பகுதியின் செயல்பாட்டையும் கூட்டினால் தொடக்க அளவு வருகிறதா? வந்தால் நொதி சாகவில்லை, வேறு பகுதியில் போயிருக்கிறது. வரவில்லை என்றால், ஒட்டாமல் வந்ததையும் கடைசியில் எடுத்ததையும் கலந்து மறுபடி அளந்து பாருங்கள். கலந்ததும் செயல்பாடு திரும்பினால் உலோக அயனியோ கோஎன்சைமோ துணைப் புரதமோ பிரிந்து போயிருக்கிறது. கலந்தும் திரும்பாவிட்டால்தான் நொதி கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பஃபர் என்ன? டிரிஸ் என்றால் ஒன்று கவனியுங்கள். அதன் பிகேஏ ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.028 மாறும். அறையில் 25 டிகிரியில் 7.5 என்று சரிசெய்துவிட்டு 4 டிகிரி குளிர் அறைக்குக் கொண்டு போனால் அது 8.1 பக்கம் ஏறிவிடும். அதே பஃபரில் 37 டிகிரியில் அளந்தால் 7.2க்கு இறங்கும். ஒரே பாட்டில்தான், ஆனால் நொதி பார்ப்பது மூன்று வெவ்வேறு பிஎச். எந்த வெப்பநிலையில் வேலை செய்யப் போகிறீர்களோ அதே வெப்பநிலையில் பிஎச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் ஹெப்பெஸுக்கு மாறுங்கள். ஹெப்பெஸ் மாறுவது இதில் பாதிதான்.

உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈடிடிஏ போட்டிருந்தால் நிக்கலையே பிடுங்கிவிடும், நீல ரெசின் வெளுத்துப்போகும். ஒடுக்கும் பொருளான டிடிடி அதிகமானால் ரெசின் பழுப்பாகும். அளவீட்டில் மீதி இமிடசோல் இருந்தால் சில நொதிகளுக்கு அதுவே தொல்லை; டயலிசிஸ் செய்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

புரத அளவை எப்படி எடுக்கிறீர்கள்? பிராட்ஃபோர்டு (சாயத்தின் நிற மாற்றத்தால் அளக்கும் முறை) என்றால் அந்தச் சாயம் முக்கியமாக ஆர்ஜினினோடு ஒட்டுகிறது. தரப்படுத்தப் பயன்படுத்தும் பிஎஸ்ஏ (மாட்டுச் சீரம் அல்புமின்) மற்ற பல புரதங்களைவிட அதிக நிறம் தரும், அதனால் உங்கள் புரதம் குறைவாகவே காட்டும். 280 நானோமீட்டரில் அளந்தால் டிரிப்டோஃபேனும் டைரோசினும் எத்தனை இருக்கின்றன என்று வரிசையைப் பார்த்துக் கணக்கிடுங்கள். அங்கேயும் இமிடசோல் கொஞ்சம் ஒளியை உறிஞ்சும், அதனால் ஒப்பீட்டுக்கு அதே எல்யூஷன் பஃபரையே வையுங்கள்.

ஜர்னல்_கிளப்

கட்டுரை படிப்பது பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, அதனால் நான்.

தலைப்பும் சுருக்கமும் படித்துவிட்டு முன்னுரையைத் தாண்டுங்கள். படங்களுக்கு நேராகப் போங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கேள்வி: எதை அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், முடிவு எப்படி வந்திருந்தால் அவர்களின் கருத்து பொய்த்திருக்கும்? மூன்றாவதுக்கு விடை கிடைக்கவில்லை என்றால் அந்தப் படம் எதையும் நிரூபிக்கவில்லை. கண்ட்ரோல் இல்லாத படத்தைப் பார்த்ததும் மனம் தானாக நிற்க வேண்டும், அந்தப் பழக்கம் வர கொஞ்ச காலம் ஆகும். ஆசிரியர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பதைக் கடைசியில் படியுங்கள். அதற்கு முன் உங்கள் முடிவை நோட்டில் எழுதிவிடுங்கள்.

தனிக் கட்டுரையைவிட, ஒரே கேள்வியைத் துரத்தும் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பது நல்லது. எனக்கு மிகப் பிடித்த தொடர், ஏடிபி எப்படி உருவாகிறது என்பது. 1961இல் பீட்டர் மிட்செல் சவ்வின் இரு பக்கமும் உள்ள புரோட்டான் வேறுபாடுதான் ஏடிபியை உருவாக்குகிறது என்றார். அப்போது எல்லோரும் ஆற்றல் மிகுந்த ஏதோ ஓர் இடைப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள், அது கிடைக்கவே இல்லை. 1966இல் ஜேகன்டார்ஃபும் யூரிபேயும் பசுங்கணிகங்களின் தைலகாய்டுகளை பிஎச் 4 கரைசலில் ஊறவைத்து, இருட்டிலேயே திடீரென்று பிஎச் 8க்கு மாற்றினார்கள். ஏடிபி உருவானது. ஒளி இல்லை, எலெக்ட்ரான் ஓட்டத்தை நடத்த எதுவும் இல்லை, பிஎச் வேறுபாடு மட்டும்தான் இருந்தது. 1974இல் ராக்கரும் ஸ்டோக்கனியஸும் இன்னும் துணிச்சலாகப் போனார்கள். உப்பு நீரில் வாழும் நுண்ணுயிரின், ஒளியால் புரோட்டானை இறைக்கும் புரதமான பாக்டீரியோரோடாப்சினையும், மாட்டு இதய மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி உருவாக்கும் நொதியையும் ஒரே கொழுப்புப் பைக்குள் வைத்து ஒளி பாய்ச்சினார்கள். ஏடிபி வந்தது. இயற்கையில் சந்தித்தே இராத இரண்டு புரதங்கள்! இரண்டுக்கும் பொதுவாக ஒரு வேதிப்பொருள் இடைநிலை இருக்க வழியே இல்லை, புரோட்டான் மட்டும்தான் பொது. மிட்செலுக்கு 1978இல் நோபல் கிடைத்தது.

இந்த மூன்றையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒரு கருத்தை எதிர்ப்பவர்களையும் ஒத்துக்கொள்ள வைக்கும் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியும்.

இரவுப்_புள்ளி

இடையில் ஒரு சந்தேகம். புரத அமைப்பைக் கணினியே சொல்லிவிடுகிறது. 2024 வேதியியல் நோபலும் பேக்கர், ஹசாபிஸ், ஜம்பர் மூவருக்கும் புரத வடிவமைப்புக்கும் அமைப்புக் கணிப்புக்கும்தான் போனது. இனி ரெசினும் பஃபருமாக உட்கார்ந்திருக்க வேண்டுமா? நேராகக் கணினிப் பக்கம் போய்விடலாமா?

கேஎம்_கணக்கு

கணினிப் பக்கம் தாராளமாகப் போகலாம், அருமையான துறை. ஆனால் புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் தருவது பெரும்பாலும் ஒரு வடிவம். அந்த நொதி நொடிக்கு எத்தனை தளமூலத்தை மாற்றுகிறது, எது அதைத் தடுக்கிறது, செல்லில் எவ்வளவு இருக்கிறது என்பதை இன்னும் அளந்துதான் அறிய வேண்டும். கணிப்போடு வரும் நம்பிக்கை மதிப்பெண்ணையும் பாருங்கள். மதிப்பெண் மிகக் குறைந்த பகுதிகள் பல நேரம் நிலையான வடிவமே இல்லாத பகுதிகள், அங்கே படத்தை நம்பிக் கதை கட்டக் கூடாது. இப்போதெல்லாம் நல்ல லேபில் கணிப்பிலிருந்து கேள்வி பிறக்கிறது, அப்புறம் அது பெஞ்சுக்குப் போகிறது. இரண்டும் தெரிந்தவர்களுக்கு மதிப்பு கூடிக்கொண்டுதான் போகும்.

நாலாம்_ஆண்டு

லேப் தேர்வு பற்றி நான் எழுதுகிறேன். பிஎச்.டி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன்.

தலைப்பைப் பார்த்து மட்டும் சேராதீர்கள். தலைப்பு மாறும், கைடு மாறமாட்டார். சேருவதற்கு முன்பு அந்த லேபிலிருந்து வெளியே போனவர்களிடம் பேசுங்கள். இப்போது உள்ளே இருப்பவர்களால் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. என்ன கேட்பது? சராசரியாக எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள், பாதியில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள், முதல் ஆசிரியர் பெயர் யாருக்குக் கிடைக்கிறது, கைடு எழுதியதைத் திருத்தித் தர எவ்வளவு நாள் எடுப்பார், சோதனை தோற்ற வாரத்தில் லேப் மீட்டிங்கில் எப்படிப் பேசுவார். கடைசிக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். எனக்குத் தெரிந்த ஒரு லேபில் ஒரே திட்டத்தை இரண்டு மாணவர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, யார் முதலில் முடிப்பார் என்று பார்த்தார்கள். இரண்டு பேருமே துறையை விட்டுப் போய்விட்டார்கள். இருவரும் நல்ல திறமைசாலிகள். இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

திட்டம் பற்றியும் ஒன்று. ஒரே ஒரு கிறிஸ்டல் அமைப்பு கிடைத்தால்தான் ஆய்வேடு என்ற மாதிரித் திட்டம் வேண்டாம். புரதம் கிறிஸ்டல் ஆகாமலே போகலாம், அது உங்கள் கையில் இல்லை. அமைப்பு வராவிட்டாலும் வேகவியலோ பிணைப்பு அளவீடோ ஒரு அத்தியாயம் தரும்படி திட்டம் இருக்கட்டும். அப்படி ஒரு மாற்று வழி இருக்கிறதா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படும் கைடு என்றால், அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய தகவல்தான்.

பிஎச்.டி எல்லோருக்கும் தேவை என்றும் நான் நினைக்கவில்லை. முதுகலையோடு தரக் கட்டுப்பாடு, நோயறி ஆய்வகம், மருந்து நிறுவனங்களின் ஒழுங்குமுறைப் பிரிவு என்று போய் நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் பல மாதம் இருக்க முடிகிறதா, அதிலும் ஆர்வம் குறையாமல் இருக்கிறதா என்று இந்தச் சிறு திட்டத்திலேயே உங்களைக் கவனித்துப் பாருங்கள்.

தேன்சிட்டு

இவ்வளவு நேரம் செலவழித்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. @குளிர்_அறை சொன்னபடி எல்லாப் பகுதியையும் வைத்து அட்டவணை போட்டேன். ஹெப்பெஸுக்கும் மாறினேன், அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால் தொடக்கச் செயல்பாடு கிட்டத்தட்ட முழுதாக வருகிறது! பாதிக்கு மேல் ரெசினில் ஒட்டாமல் வெளியே வந்த பகுதியில் இருக்கிறது. நொதி சாகவே இல்லை. ரெசின் போதவில்லையோ என்று அதே பகுதியைப் புது ரெசினில் மறுபடி விட்டேன், அப்போதும் ஒட்டவில்லை. அடுத்து என்ன பார்ப்பது?

குளிர்_அறை

அருமை! புது ரெசினில் விட்டுப் பார்த்தது மிகச் சரியான கண்ட்ரோல். கொள்ளளவு பிரச்சினை இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

இப்போது இரண்டு விளக்கம் மிச்சம். டேக் புரதத்துக்குள் மறைந்திருக்கிறது, அல்லது ஒரு பகுதி மூலக்கூறுகளில் டேக் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. ஒட்டாத பகுதியில் கொஞ்சம் எடுத்து 8 மோலார் யூரியாவில் விரித்து, அதே யூரியா உள்ள பஃபரில் ரெசினில் விடுங்கள். இப்போது ஒட்டினால் டேக் இருக்கிறது, மடிந்த நிலையில் வெளியே தெரியவில்லை. டேக்கைப் புரதத்தின் மறுமுனைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் நடுவில் கிளைசின், செரின் வைத்து இணைப்பை நீட்டுங்கள். யூரியாவிலும் ஒட்டவில்லை என்றால் ஹிஸ் டேக் ஆன்டிபாடி வைத்து வெஸ்டர்ன் பிளாட் போடுங்கள், ஒட்டிய பகுதியையும் ஒட்டாத பகுதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து. ஒட்டாததில் சிக்னல் இல்லை என்றால் டேக் வெட்டுப்பட்டிருக்கிறது. அப்போது செல்லை உடைக்கும்போதே புரோட்டியேஸ் தடுப்பான் சேருங்கள், ஈடிடிஏ இல்லாத வகையாகப் பார்த்து.

யூரியா சோதனையை முதலில் செய்யுங்கள், ஒரே நாளில் முடியும். முடிவை இங்கேயே போடுங்கள்.